மூன்று ஆம் சொன்ன சாட்சி

முன்னே, முன்னே, ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைக்காத காலத்திலே, கல்மேடு என்று ஒரு நாடு இருந்தது. உயரத்தில் இருந்ததால் அங்கே கிணறு கிடையாது. தண்ணீர் கீழே ஆற்றிலிருந்துதான் மேலே ஏற வேண்டும். ஆனாலும் அந்த ஊரில் ஒருவர்கூட இடுப்பில் குடம் வைத்ததில்லை. விடிந்தால் போதும், வாசலுக்கு வாசல் கழுதைகள் தண்ணீரோடு வந்து நிற்கும்.

அவை கழுதையாகப் பிறந்த கழுதைகள் இல்லை. தண்டனை பெற்ற மனிதர்கள்.

எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். இந்தக் கதை நடந்தபோது ஆண்ட அரசன் வச்சிரவேலனின் தாத்தாவுக்கு நீளமான பேச்சு பிடிக்காது. வழக்கு என்று வந்தால் ஆளாளுக்கு ஊர்க்கதை பேசுகிறார்களே என்று ஒரு மந்திரவாதியிடம் குறைப்பட்டுக்கொண்டார். மந்திரவாதி ஒரு கோலைக் கொடுத்தான். "சாட்சியிடம் மூன்றே கேள்வி கேளுங்கள், மகாராஜா. ஆம் அல்லது இல்லை, வேறு பதில் கூடாது. மூன்றும் ஆம் என்றால் மிச்சத்தைக் கோல் பார்த்துக்கொள்ளும்." வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்து, "கோலுக்குக் காது மட்டும்தான் உண்டு. உண்மை தெரியாது," என்றான்.

அதை யாரும் காதில் வாங்கவில்லை. வழக்குகள் சட்டென்று முடிந்தன. வீட்டுக்குத் தண்ணீரும் வந்தது. வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் உச்சிவெயிலில் அரண்மனைக் களஞ்சியம் பற்றி எரிந்தது. களஞ்சிய அதிகாரி மாசிலாமணி, கூரை வேயும் சடையனைப் பிடித்து இழுத்துவந்தார். "இவன்தான் தீ வைத்தவன், மகாராஜா!" களஞ்சியத்துக்கு எதிரே அவல் இடிக்கும் அன்னக்கொடிதான் சாட்சி.

"சடையனைப் பார்த்தாயா?" என்று கேட்டான் அரசன்.

"ஆம்."

"ஓடினானா?"

"ஆம்."

"அப்போது தீ எரிந்துகொண்டிருந்ததா?"

"ஆம். ஆனா மகாராஜா, அவன்..."

"ஆனாவெல்லாம் இங்கே கிடையாது, அம்மா!" என்றார் மாசிலாமணி. சபை சிரித்தது. கோல் தரையைத் தட்டியது. சடையன் நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கழுதை நின்றது.

அந்த ஆனாவுக்குப் பின்னால் இருந்தது இதுதான்: சடையன் ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு தீயை அணைக்க ஓடினான். தீயை விட்டு ஓடவில்லை, தீயைப் பார்த்து ஓடினான். அன்னக்கொடி அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் பொய் சொல்லவில்லையே, பொய் சொல்லவில்லையே என்று சொல்லிச் சொல்லி அவல் இடித்தாள்.

மறுநாள் காலையில் அந்தக் கழுதையே அவள் வாசலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தை நிரப்பினாள். அடுத்த நாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிரப்பினாள். அதற்கும் அடுத்த நாள் முந்தானைக்குள்ளேயே முகம் பற்றி எரிந்தது. 'சீ, நானும் ஒரு மனுஷியா!' என்று நினைத்தாள்.

"அக்கா, குடத்தைக் கொஞ்சம் கிட்டக் கொண்டா. கீழ கொட்டுது பாரு," என்றது கழுதை.

குடம் கை நழுவி உருண்டது. "சடையா! நீ பேசுவியா?"

"வந்த நாள்ல இருந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். வெட்கப்படுறவங்களுக்கு மட்டும்தான் எங்க பேச்சு கேக்குமாம். ஊருக்கெல்லாம் கத்துற சத்தம்தான்."

"என்னைத் திட்டுடா. வாய் வலிக்கத் திட்டு."

"திட்ட எங்கக்கா நேரம்? எனக்கு ஒவ்வொண்ணா மறக்குது. கூரை முடிச்சுப் போடுறது மறந்துபோச்சு. தெருப் பேரு மறந்துபோச்சு. என் மக பேரு... தும்பைதானே?"

"தும்பைதான், தும்பைதான்."

"கடைசியா என் பேரும் மறந்துடும். அப்புறம் நானா நினைச்சாலும் மனுஷனாக முடியாது. விசாரிக்காம தண்டிச்சேன்னு ராஜா தன் வாயால சபையில சொன்னா கோல் ஒடியுமாம், அப்போ தன் பேரைச் சொல்றவன் மனுஷனாயிடுவானாம். லாயத்துல இருக்கிற பழைய கழுதைங்க சொல்லுது. யார் போய்ச் சொல்ல வைக்கிறது? களஞ்சியத்து வைக்கோல்கிட்ட சுருட்டோட தூங்கினது மாசிலாமணி ஐயாதான். நான் போனா மட்டும் அவரு கதவைப் படார்னு சாத்துறாரு."

அன்னக்கொடி யோசித்தாள். கதவை ஏன் சாத்த வேண்டும்? கத்தல் மட்டும் கேட்கிறவன் சாத்த மாட்டான்.

கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். "என் சாட்சி அரைச் சாட்சி, மகாராஜா. மிச்சத்தைச் சொல்ல வந்திருக்கேன்."

"சொன்னதை மாற்றினால் நீயும் கழுதைதான். தெரியுமா?" என்றான் அரசன்.

அவள் கயிற்றை விடவில்லை. "ஆம்," என்றாள்.

அந்த நேரம் கழுதை கழுத்தை நீட்டி, "மாசிலாமணி ஐயா! வேட்டியில சுருட்டு நெருப்பு!" என்றது.

சபைக்குக் கேட்டதெல்லாம் ஒரு கத்தல். மாசிலாமணி மட்டும் ஐயோ அம்மா என்று துள்ளி எழுந்து வேட்டியைத் தட்டு தட்டென்று தட்டினார். நெருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மந்திரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"இவங்க பேச்சு வெட்கப்படுறவங்களுக்குத்தான் கேக்கும், மகாராஜா. எனக்குக் கேக்குது. ஐயாவுக்கும் கேக்குது," என்றாள் அன்னக்கொடி.

அரசன் முகம் சுளித்தான். "எனக்குக் கத்தலாகத்தானே கேட்கிறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன், மகாராஜா."

அவள் கைகூப்பினாள். "எனக்கும் மூணே கேள்வி. சடையன் எந்தப் பக்கம் ஓடினான்னு கேட்டீங்களா?"

"இல்லை."

"கையில என்ன வச்சிருந்தான்னு கேட்டீங்களா?"

"இல்லை."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அரசன் வாயைத் திறந்தான். கழுத்திலிருந்து காது வரை அவன் முகம் சிவந்தது. "இல்லை," என்றான்.

சொன்னதுதான் தாமதம், அவனுக்குக் கேட்கத் தொடங்கியது. சடையனின் குரல் மட்டும் அல்ல. லாயத்திலிருந்து, ஆற்றுப் பாதையிலிருந்து, தெருத் தெருவாக அத்தனை குரல். "நான் செய்யலை." "நான் செஞ்சேன், ஆனா ஏன்னு கேளுங்க." "என் பிள்ளை எப்படியிருக்கான்?" இத்தனை வருஷமாக இது காதில் விழாமலா தண்ணீர் குடித்தோம்! அரசன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "விசாரிக்காமல் தண்டித்தேன்," என்றான். கோல் சுள்ளி மாதிரி ஒடிந்தது.

"நான் சடையன்!" என்றது கழுதை. சொல்லி முடிப்பதற்குள் மனிதனாகி நின்றான். வாசலில் நின்ற தும்பை ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். மாசிலாமணி தரையைப் பார்த்தபடி நடந்ததையெல்லாம் சொன்னார். அவரைக்கூட ஒருவரும் இடைமறிக்கவில்லை. எரிந்த களஞ்சியத்துக்குச் சடையன் கூரை வேய, அவர் வைக்கோல் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

பேர் மறந்த கழுதைகள் லாயம் நிறைய நின்றன. ஊரே தலை குனிந்து போய் நின்றது. "இது நம்ம மருதன் இல்ல? கோழி திருடினவன்?" பேர் சொன்னதும் மருதன் எழுந்தான். "சின்னாயி... அடி சின்னாயி!" சின்னாயி எழுந்தாள். தப்புச் செய்தவர்களும் அதில் இருந்தார்கள், செய்யாதவர்களும் இருந்தார்கள். எல்லாரையும் உட்காரவைத்து முதலிலிருந்து கேட்டார்கள். ஒரு வழக்குக்கே பொழுது சாய்ந்தது. மந்திரிகள் கொட்டாவி விட்டார்கள். அரசன் அசையவில்லை.

கடைசியில் ஒரே ஒரு கிழட்டுக் கழுதை மிஞ்சியது. தாத்தா காலத்துக் கழுதை. அதன் பேர் தெரிந்தவர் எவரும் உயிரோடு இல்லை. சடையனும் அன்னக்கொடியும் ஊர் ஊராகப் போய்ப் பழைய பேர்களைக் கேட்டுவந்து சொன்னார்கள். அரசன் தினமும் தன் குடத்தைத் தானே சுமந்து வந்து, அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டு, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான்.

ஒரு காலையில், "பொன்னரும்பு?" என்றான். கழுதை காதை அசைத்தது.

மறுகணம் அது நின்ற இடத்தில் முதுகு வளைந்த ஒரு முதியவர் வைக்கோலில் உட்கார்ந்திருந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "விசாரணை முடிஞ்சுதாங்க, மகாராஜா?" என்று கேட்டார்.

அரசன் வைக்கோலிலேயே அவர் எதிரில் உட்கார்ந்தான். "இல்லைங்க ஐயா. இன்னும் தொடங்கவே இல்லை. நீங்க சொல்லுங்க," என்றான்.