டீ கொதிக்கிற நேரம்

கிட்ட வந்து உட்காருங்க. பனிக்கதை இது. தூரத்தில் இருந்தால் சத்தமே கேக்காது.

வடக்கே இமயமலையில், பனியைப் பார்த்து வழி சொல்கிற ஆங்மோ என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயசுதான். அவளிடம் பாடம் கேட்கப் போனவர் நம்ம பக்கத்துத் தவசிமுத்து. அம்பத்திரண்டு வயசு, லாரி ஓட்டினவர். ரெண்டு பேரும் பேசினது இந்தி. நான் நம்ம பேச்சில் சொல்றேன்.

ஒருநாள் காலையில் பனி மூடின சரிவு ஒன்று எதிரே நின்றது. குறுக்கே தாண்டினால் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கலாம். சுற்றிப் போனால் ரெண்டு நாள். ஊரில் அவர் மகளுக்குப் பேறுகாலம். வந்துடறேன்னு வாக்குக் கொடுத்திருந்தார்.

"தாயி, இன்னிக்கு இந்தப் பனி சரிஞ்சு இறங்குமா, இறங்காதா?"

ஆங்மோ பனி அள்ளுகிற ஷவலை நீட்டினாள்.

"என்னை ஏன் கேக்கறீங்க அண்ணே. அதைக் கேளுங்க."

கேட்கிற முறை அவருக்குத் தெரியும். குழி தோண்டி, பனியிலேயே ஒரு தூணைச் செதுக்கி, அதன் தலையில் ஷவலை வைத்துத் தட்டணும். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளோடு பத்து. சீக்கிரம் உடைஞ்சால் போகக் கூடாது.

முதல் குழியில், மூணாவது தட்டுக்கே தூண் மேஜை டிராயர் மாதிரி வழுக்கி வந்தது.

இங்கே காற்று குவிச்ச பனி, இது கணக்கில் சேராது என்றார்.

ரெண்டாவது குழி. பன்னிரண்டில் உடைந்தது. வெயில் பட்ட இடம் என்றார்.

மூணாவதைப் பாறையோரமாகத் தோண்டினார். முப்பதும் தட்டினார்.

"நிக்குது தாயி."

"நீங்க தேடின சாட்சி கிடைச்சாச்சு," என்றாள் ஆங்மோ.

அவர் சிரித்துக்கொண்டே ஷூ கயிற்றை இறுக்கினார். நீ இங்கயே நில்லு, ஏதும் ஆச்சுன்னா தோண்டி எடுத்துடு என்றார்.

"புதைஞ்ச ஆள் எவ்வளவு நேரம் தாங்குவார் அண்ணே?"

"நீ சொன்னதுதானே. கால் மணி நேரம்."

ஆங்மோ அடுப்பைப் பற்ற வைத்தாள். கெட்டில் நிறையப் பனியை அமுக்கி ஏற்றினாள். இது கொதிக்கவும் அவ்வளவு நேரம்தான் என்றாள்.

பாதையோரம், போன மாசம் சரிஞ்சு இறங்கின பனி சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. ஷவலை எடுத்து அதில் குத்தினாள்.

"என்ன பண்றே?"

"உங்களைத் தோண்டறேன். ஒரு ஆள் ஆழத்தில் கிடக்கறீங்க."

தவசிமுத்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் வேகமாத்தான் தோண்டேன் என்று கேலி பண்ணினார். ஆங்மோவுக்கு மூச்சு வாங்கியது. கையுறை கிழிந்தது. கெட்டில் முனகத் தொடங்கியது.

அவருக்குக் கேலி நின்று போச்சு. ஒரு கை பிடிக்கலாம் என்று கிட்ட வந்தார்.

"நீங்க உள்ள இருக்கீங்க," என்றாள். "பேசாம இருங்க."

அப்படியே நின்றார்.

கெட்டில் கொதித்து மூடி ஆடியது. குழி அவள் தொடைவரைக்கும்தான் வந்திருந்தது.

ஆங்மோ ஷவலைக் கீழே போட்டாள். ஏறி வந்து டீத்தூளைப் போட்டு இறக்கினாள். பையிலிருந்து ஒரே ஒரு தம்ளர் எடுத்து, ஊற்றி, குடிக்க ஆரம்பித்தாள்.

தவசிமுத்து அந்தக் குழியைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

ஆங்மோ பைக்குள் கை விட்டு இன்னொரு தம்ளரை எடுத்தாள்.