பாடசாலையில் முட்டி போட்ட ராஜா

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் செல்லக்கனி அக்கா. என் சின்ன மகன் பத்தாவது படித்த வருஷம், அவன் பள்ளிக்கூடத்தில் பையன்கள் பெஞ்சுகளை உடைத்துப் போலீஸ் வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே தாய்மார் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். நான் முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

மருதங்காடு என்று ஒரு சீமை. வெகு காலத்துக்கு முன்னே அதை ஆண்டவர் கொற்றமாறன் என்ற ராஜா. நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. ஒருவனுக்குச் சிரித்துக்கொண்டே மாலை போடுவார். மாலை வாடுவதற்குள் அவனைச் சிறையில் போடுவார். சபையில் எல்லாரும் அவர் மீசையைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்கள்.

ஒரு நாள் ராஜாவின் பெரிய பாடசாலையில் படிக்கிற பையன்கள் கலகம் செய்துவிட்டார்கள். பலகையை முறித்து, பானையை உடைத்து, கூரைமேல் கல் எறிந்து ஒரே அமளி.

பாடசாலை அதிகாரி பூதலிங்கம் சபைக்கு ஓடிவந்தார். மந்திரி அறவாழியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ராஜா மந்திரியிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் இவர் வயிறு எரியும்.

"மகாராஜா! எல்லாம் கொழுப்பு! தூண்டிவிட்டது யார் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுகிறது. நம் மந்திரியார் மகன் வழுதி! பிடித்துச் சிறையில் வைத்திருக்கிறேன்."

ராஜாவின் மீசை துடித்தது. "அப்படியா மந்திரி?"

"விசாரித்துச் சொல்கிறேன், மகாராஜா..."

"விசாரி. நாளைப் பொழுது சாய்வதற்குள் தூண்டிவிட்டவனைக் காட்டு. இல்லையென்றால் உன் மகன் பட்டத்து யானையின் காலடியில்."

"யானைக்கு நேற்றிலிருந்து கொஞ்சம் மதம்கூடப் பிடித்திருக்கிறது, மகாராஜா" என்றார் பூதலிங்கம், ரொம்பப் பணிவாக.

அறவாழி சபையை விட்டு இறங்கினார். ஓட்டமும் நடையுமாகச் சிறைக்குப் போனார்.

"ஏன்டா ராசா, என்ன குறை உனக்கு?"

வழுதி தலை தூக்கவில்லை. "முன்னாடி ஒரு தடவை சொல்ல வந்தேன். 'அதிகாரி சொன்னபடி நட'ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. இப்ப சொன்னா நம்பவா போறீங்க? ஒரு நாள் அங்க உட்கார்ந்து பாருங்கப்பா."

வெளியே யானை பிளிறியது. தகப்பன் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, அந்தப் பாடசாலையில் ஏதோ ஒன்று குடியிருக்கிறது. உட்காருகிறவர்களைப் பிடித்து ஆட்டுகிறது. நாளைக்குத் தாங்களும் சபையும் அங்கே மாணவர்களாக உட்காருங்கள். அது வந்ததும் காட்டித் தருகிறேன். ஆனால் பூதலிங்கத்தின் சட்டம் கொஞ்சமும் தளரக் கூடாது. தளர்ந்தால் அது வராது."

"என்ன பூதலிங்கம், பேய் வளர்க்கிறாயா?"

"என் சட்டத்துக்கு முன்னால் பேயும் கைகட்டி நிற்கும் மகாராஜா! துளி தளராது!" என்று பூதலிங்கம் மார்தட்டினார்.

விடிந்தது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ராஜா சரளைத் தரையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மந்திரி, மறுபக்கம் சேனாபதி, பின்னால் சபையோர். ஒரு பல்லி சத்தம் கொடுத்தாலும் எல்லாரும் துள்ளினார்கள்.

"வாத்தியார்கள் எங்கே?" என்றார் ராஜா.

வாசலில் நின்ற காவலன் பிரம்பைத் தட்டினான். "கேள்வி கேட்கக் கூடாதுடா... மகாராஜா. வாத்தியார்களெல்லாம் உங்கள் ஊர்வலத்துக்குத் தோரணம் கட்டப் போயிருக்கிறார்கள். மழைக்காலத்திலிருந்தே அப்படித்தான். சாயங்காலம் அதிகாரி பாடம் ஒப்பிக்கச் சொல்வார். தெரியாதவனுக்கு அடி."

வெயில் ஏறியது. ஓடு கொதித்தது. தண்ணீர்ப் பானைகளின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"தண்ணீர்" என்றார் ராஜா.

"அதிகாரி வந்து வணக்கம் வாங்கின பிறகுதான் கட்டு அவிழும்."

"எப்போது வருவார்?"

"பூசை முடித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்து வருவார்."

சேனாபதி ஏதோ முணுமுணுத்தார். அவர் முதுகில் பிரம்பு விழுந்தது. "ஒருத்தன் பேசினால் வரிசை முழுக்க முட்டி போடணும்!"

ராஜாவும் முட்டி போட்டார். சரளை குத்தியது.

அறவாழி கண்ணை மூடி வேண்டிக்கொண்டே இருந்தார். ராஜா பொறுத்துப் போய்விட்டால் மகன் இல்லை. சூரியன் உச்சி தாண்டியது. ராஜா அசையவில்லை. வாசலுக்கு வெளியே பாகன் யானையைக் கொண்டுவந்து நிறுத்திய சங்கிலிச் சத்தம் கேட்டது.

திடீரென்று ராஜா எழுந்தார். ஒரு பானையைத் தூக்கி வாசலைப் பார்த்து ஒரே வீச்சு! சேனாபதி பலகையை முறித்தார். சபையே கூச்சல் போட்டது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பூதலிங்கம். அவர் கண்ணில் பட்டது உடைந்த பானைதான்.

"எவன்டா அது? இப்பவே யானைக் காலில் போடுங்கள் அவனை!"

"நான்தான்" என்றார் ராஜா.

கைகூப்பிக்கொண்டு அறவாழி எழுந்தார். "மகாராஜா, காட்டித் தருகிறேன் என்றேன். தங்களைப் பிடித்தது எதுவோ அதுதான் பையன்களையும் பிடித்தது. தங்களுக்கு ஒரு பகல். அவர்களுக்கு மழைக்காலத்திலிருந்து."

ராஜா மீசையைத் தடவினார். மாலையா, சிறையா? யாருக்கும் தெரியவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த சரளையை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். பிறகு, மெல்லச் சிரித்தார்.

"தோரணம் கட்டப் போன வாத்தியார்கள் இன்றே திரும்பி வரட்டும். அது என் தப்பு. உடைத்த பையன்கள் புதுப் பானை சுமந்து வரட்டும். நான் உடைத்ததற்கு நானும் ஒன்று சுமக்கிறேன். பூதலிங்கம், நாளை முதல் உனக்குக் கடைசி வரிசை. தாகம் எடுத்தால் பையன்களைக் கேள்."

தன் முத்துமாலையைக் கொண்டுவரச் சொல்லி மந்திரி கழுத்தில் போட்டார். "போய் உன் மகனைக் கூட்டி வா" என்றார்.

மாலையோடு அறவாழி சிறைக்கு ஓடினார். என்னென்னவோ சொல்ல நினைத்துத்தான் போனார். மகனின் வெடித்த உதட்டைப் பார்த்ததும், "தண்ணி குடிச்சியாப்பா?" என்று மட்டும் கேட்டாராம்.

அக்கா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பள்ளிக்கூடக் கேட் திறந்தது.

உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், மந்திரி கேட்டதை ஒரு தடவை கேளுங்கள்.