கிழிக்க வேண்டாத தாள்

"அம்மா, நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது. நான் இருந்து என்ன ஆகப்போகுது?"

சடையப்பன் இப்படிக் கேட்டது மரகதம்மாவிடம். ஆற்றங்கரை மடத்தில் வந்தவருக்கெல்லாம் கஞ்சி ஊற்றுகிறவள். அவனைவிடப் பத்து வயசு சின்னவள். ஆனாலும் ஊருக்கே அம்மா.

அவன் வீட்டையும், எட்டு வயசு மகள் பூவாயியையும் வெள்ளம் கொண்டுபோய் மூணு மாசம் ஆகியிருந்தது.

"எழுதத் தெரியுமா?"

"ரெண்டாங் கிளாஸ் வரைக்கும். கோழி கிண்டுன மாதிரி எழுதுவேன்."

"கிண்டட்டும். நெஞ்சுல கெடக்குறத எழுது."

ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தாள்.

எழுதினான். வாசித்தான். சுக்குநூறாகக் கிழித்தான்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் மரகதம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, காயப்போட்ட வத்தல் பூரா உன் காகிதந்தான் ஒட்டிக் கெடக்கு. அப்படி என்னதான் எழுதுற?"

"ஒரே வரிதாம்மா. பூவாயி செத்துப்போனா. அதுக்கு மேல கை ஓட மாட்டேங்குது."

"சரி, கிழிக்கிறது எதுக்கு?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? சாவுச் சேதி வந்த கடுதாசியப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுடணும்ல. வச்சிருக்கலாமா?"

மரகதம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வச்சிருக்கக் கூடாதுதான். நீ கிழிச்சது சரி."

இன்னொரு தாளை நீட்டினாள்.

"இதுல, கிழிக்க வேண்டாததா எழுது."

சடையப்பன் புளியமரத்தடியில் உட்கார்ந்தான். பென்சிலைக் கடித்தான். பந்தி முடிந்து, பாத்திரமும் கழுவியாகி, வெயிலும் சாய்ந்துவிட்டது.

அப்புறம்தான் குனிந்தான்.

கொண்டுவந்து கொடுத்தான். மரகதம்மா சத்தமாகவே வாசித்தாள்.

'கொழம்புல கெடக்குற வெங்காயத்தப் பூரா பொறுக்கி என் தட்டுல போடுவா. ஏண்டின்னு கேட்டா, நீதான் எளச்சுப் போயிட்டியேப்பான்னுவா. திருட்டுக் கழுத.'

சடையப்பன் சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினான்.

மரகதம்மா தாளின் ரெண்டு முனையையும் பிடித்தாள்.

"கிழிச்சிடட்டுமா?"

"ஐயோ, குடுங்கம்மா!"

பிடுங்காத குறையாக வாங்கி, நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

"அப்ப முடிஞ்சுதா? எந்திரி, கஞ்சி ஆறுது."

"வரேன். இன்னும் நாலு தாள் எடுத்து வைங்கம்மா."

"எதுக்கு?"

"ஒரு மத்தியானச் சோறுதான எழுதியிருக்கேன். எட்டு வருசம் இருக்குதே."