கோர்ட்டு இன்னும் கலையவில்லை

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் பிரகாசி. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். ஆண்டவர் மன்னிக்கட்டும், கோயில் வாசல் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

மொட்டைக்குளத்துக் குருசம்மாவுக்கு ஒரே கவலை, மகள் சகாயத்தின் கல்யாணம். இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக ஞாயிறு சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள். அதே சாயங்காலம்தான், இரண்டு வருஷமாக நின்றுபோயிருந்த டிவி நீதிமன்ற நிகழ்ச்சியும் திரும்ப வருகிறது. "புது நீதிபதி! புது மன்றம்! இனி உங்கள் வீடே நீதிமன்றம்!" என்று விளம்பரம். டிவிக்காரன் பொய்யா சொல்வான்?

குருசம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். கட்டிலை நிமிர்த்திச் சாட்சிக் கூண்டாக்கினாள். ஊரே வந்து தரையில் உட்கார்ந்தது.

"பழைய ஜட்ஜய்யா எங்க மதினி?" என்றான் கொழுந்தன் மிக்கேல்.

"மாத்திட்டாங்களாம்."

"அப்போ புதுசா வர்றவருக்கு மாலை போடணும். இல்லாட்டி நம்ம கேஸ் தோத்துரும்."

"நமக்கு ஏது கேஸு?"

"தோத்த பெறகு யோசிச்சு என்ன புண்ணியம்?"

இவ்வளவு அறிவை ஊர் தாங்கியதே பெரிது. டிவிக்குச் செவந்தி மாலை போட்டார்கள்.

மாலைக்கு நடுவே புது நீதிபதியின் மூக்கு மட்டும் தெரிந்தது. சுத்தியலால் ஓங்கி அடித்து, "அமைதி! நான் சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது!" என்றார்.

கரண்டு போயிற்று. ஊர் வாயை மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய் செசிலி ஆட்களோடு வந்து எட்டிப் பார்த்தாள். கழுவிய வீடு. நிமிர்த்திய கட்டில். மாலை. இருட்டில் பேச்சுமூச்சில்லாத ஜனம்.

"ஐயோ, போய்ச் சேந்தது யாரு தாயி?" என்றாள்.

குருசம்மா கணக்குப் போட்டாள். பேசாவிட்டால் சம்பந்தம் போகும். பேசினால் ஜெயில். ஜெயிலுக்குப் போனவள் மகளை எவன் கட்டுவான்? கண்ணீரோடு டிவிப் பக்கம் கை காட்டினாள்.

"எம்புட்டு நாளா முடியாம கெடந்துச்சு?"

குருசம்மா இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு வருசமாவா!" செசிலி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "துக்கம் கழியட்டும், பேசிக்கிடுவோம்" என்று எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

கரண்டு வந்தபோது சோப்பு விளம்பரம் ஓடிற்று. இனி வாய் திறக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே நீதிபதி போயிருந்தார்.

இன்றுவரை அந்த ஊர் வாய் திறக்கவில்லை. பூசையில் ஆமென்கூடக் கிடையாது. அடுத்த வாரம் டிவியைப் போட்டுப் பார்க்கலாமே என்றால், துக்க வீட்டில் டிவி போடுவார்களா? செசிலி மட்டும் மாதாமாதம் வந்து டிவிக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறாள்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், கோர்ட்டு கலைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். செருப்பை மட்டும் வெளியே கழற்றிவிட்டுப் போங்கள்.