நண்டு எழுதிய மனுவும் பெண்டாட்டி கேட்ட கேள்வியும்

நரிப்பள்ளக் குளத்தில் கொடுக்கன் என்ற நண்டும் அதன் பெண்டாட்டி செவலியும் குடியிருந்தன.

அந்தக் கோடையில் குளம் வற்றிப்போய், நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். அதற்குள் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்தன. செவலியின் வயிற்று மடிப்பிலோ இருநூறு குஞ்சுகள்! ஈரம் இல்லாவிட்டால் ஒன்றும் பிழைக்காது.

"யானைக் கூட்டம் மலை ஏறப் போகுதாம். போறதுக்கு முன்னால ஒரே ஒரு குளத்துல ஊற்றுத் தோண்டித் தருமாம். நீ ஒரு மனு எழுதப்பா! எழுதத் தெரிஞ்சது நீ ஒருத்தன்தான்!" என்று கெஞ்சியது கிழட்டு விரால்.

கொடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. வாடாமல் கிடந்த தாமரை இலை ஒன்றை இழுத்துப்போட்டுக் காலையெல்லாம் கீறியது. தந்தத்துக்குப் பத்து வரி. தும்பிக்கைக்குப் பத்து வரி. காதுக்கு ஐந்து. கடைசியில் ஒரே ஒரு வரி: 'இந்தக் குளத்தில் ஊற்றுத் தோண்டித் தாருங்கள்.'

இலையைக் கொண்டுபோகக் காக்கை கரையில் காத்திருந்தது.

"இந்தா புள்ள, படிச்சுப் பாரு! எப்படி இருக்கு? மனசுல பட்டதச் சொல்லு!" என்று இலையைச் செவலியிடம் நீட்டியது கொடுக்கன்.

செவலி படித்தது. "நல்லாத்தான் இருக்கு."

"அதென்ன 'தான்'?"

"சும்மா வாயில வந்துச்சுங்க."

"வந்தது எதுக்கு வந்துச்சு? சொல்லு!"

செவலி தயங்கியது. போன மாதம் எழுதினதை 'கொஞ்சம் நீளம்' என்று சொன்னதற்கு, கொடுக்கன் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. ஆனாலும் மடியில் குஞ்சுகள் அசைந்தனவே!

"இந்தக் குளம்னு எழுதியிருக்கீங்க. எந்தக் குளம்?"

"இந்தக் குளம்தான்!"

"நமக்கு இந்தக் குளம். யானைக்கு? ஓரத்துல நரிப்பள்ளம்னு பேரைப் போட்டுடுங்களேன்."

கொடுக்கனுக்கு முகம் சுருங்கியது. "தந்தத்தப் பத்திப் பத்து வரி எழுதியிருக்கேன், அது உன் கண்ணுக்குத் தெரியல! நரிப்பள்ளமாம், நரிப்பள்ளம்! அவ்வளவு அழகான எழுத்துக்கு நடுவுல நரி எதுக்கு? உன் அப்பன் வளையில எவனாச்சும் ஒரு எழுத்துக் கீறியிருக்கானா?"

செவலி குஞ்சுகளை மடிப்புக்குள் ஒதுக்கிக்கொண்டது. பிறகு மெதுவாக, "நல்லா இருக்குங்க. அனுப்புங்க" என்றது.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல!" என்று பூரித்தது கொடுக்கன். காக்கை இலையோடு பறந்தது.

இரண்டு நாள் கழித்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது காக்கை.

"யானைங்க மயிலாடிக் குளத்துக் கரையில நின்னுச்சு. இலையைக் கொடுத்துட்டு நான் இரை தேடப் போயிட்டேன். தலைவி யானை படிச்சுட்டுக் கண் கலங்கிருச்சாம். 'இந்தக் குளமா? இதோ!'ன்னு, நின்ன இடத்துலயே தோண்டிட்டாங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள எல்லாரும் மலை ஏறியாச்சு."



மறுநாள் பாய் அளவுத் தண்ணீர் முறம் அளவானது. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. மீன்கள் போயின. விரால் திறந்த கண்ணோடு சேற்றில் கிடந்தது.

கொடுக்கன் வளைக்குள் போய்ப் பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நீ சொன்னதுதான் சரி, புள்ள. இனிமே எத எழுதினாலும் உன்னக் கேட்டு, நீ சொல்றபடியே திருத்துறேன். என்ன குறை இருந்தாலும் சொல்லு!"

செவலி வயிற்று மடிப்பைத் திறந்து காட்டியது. இருநூறும் காய்ந்த கடுகு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தன.

"இனிமே யாருக்குங்க எழுதப் போறீங்க?" என்று கேட்டது.

பாராட்டை மட்டும் எதிர்பார்த்து வீட்டாளிடம் குறை கேட்பவன், சொல்ல வந்த வாயையும் அடைத்துத் தன் குடியையும் தானே கெடுத்துக்கொள்வான்.