குதிரையில்லாத சவாரி

கோபம் வந்த அரசர்கள் உடனே தலையைக் கொய்துவிடுவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. கோபம் வந்த அரசர்கள் பேசுவார்கள். வெகுநேரம் பேசுவார்கள். தலை போனவர்களில் பெரும்பாலோர் நடுவில் பதில் சொன்னவர்கள்.

இதை நன்கு அறிந்தவர் வெண்குன்றம் சமஸ்தானத்துத் துபாஷி தெய்வநாயகம். வெள்ளைக்காரத் துரைகளின் பேச்சைத் தமிழில் சொல்வதும், மகாராஜா கஜேந்திர பூபதிக்கு ஆங்கிலம் கற்பிப்பதும் அவர் வேலை.

அன்றைய பாடம் ‘ரைடு அவுட்’.

“ரைடு என்றால் சவாரி. அவுட் என்றால் வெளியே. ஆக, வெளியே சவாரி போவது. சரிதானே?” என்றார் மகாராஜா.

“அப்படியும் சொல்வதுண்டு, மகாராஜா. ஆனால் துரைமார் வேறு பொருளிலும் சொல்வார்கள். புயலில் சிக்கிய கப்பல் கவிழாமல், அது ஓயும்வரை தாக்குப்பிடிக்கிறதே, அதுதான் ரைடு அவுட். எந்தக் கஷ்டத்துக்கும் சொல்லலாம்.”

“குதிரை எங்கே?”

“குதிரை கிடையாது.”

“குதிரையில்லாமல் சவாரியா? நம் காதிலேயே பூச்சுற்றுகிறீரா?” மகாராஜா சபையைப் பார்த்தார். மந்திரிகள் தரையைப் பார்த்தார்கள். “குதிரையும் கப்பலும் இல்லாமல் இங்கேயே அதைச் செய்துகாட்டும். பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பும்!”

தெய்வநாயகம் சாளரம் வழியே வானத்தைப் பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. வீட்டில் மகளுக்கு நிறைமாதம். மாட்டுவண்டியில் ஏற்ற முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உத்தரவு. அதற்கு முன் ஒரு சிறு சந்தேகம். போன மாதம் மகாராஜா சுட்ட புலி, அதற்கு முந்தின நாளே செத்துப்போயிருந்ததாமே?”

சபையில் யாரோ விசிறியைக் கீழே போட்டார்கள்.

“அடேய்!” என்று ஆரம்பித்தார் மகாராஜா. துபாஷியின் மூக்கைத் திட்டினார். அவர் பாட்டனாரை எருமை என்றார். அவர் பிறந்த ஊரைத் திட்டி, அந்த ஊர்க் கத்தரிக்காய் வரை போனார். தெய்வநாயகம் கைகட்டி நின்றார். மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கத்தரிக்காய் மட்டும் கொஞ்சம் வலித்தது.

கடைசியில் மகாராஜாவுக்குக் குரல் கம்மிவிட்டது. மோர் வந்தது. குடித்துவிட்டுத் திண்டில் சாய்ந்தார்.

“இன்னும் ஏன் நிற்கிறீர்? செய்துகாட்டச் சொன்னோமே!”

“ஆகிவிட்டதே, மகாராஜா.”

“எப்போது?”

“என் பாட்டனாரை எருமை என்றீர்களே, அப்போது ஏறினேன். மோர் வந்ததும் இறங்கிவிட்டேன்.”

மகாராஜா காலி மோர்க்குவளையைப் பார்த்தார். பிறகு மீசையிலிருந்து மோர் தெறிக்கச் சிரித்தார். துபாஷிக்குப் பட்டு அங்கவஸ்திரம் கிடைத்தது. மகள் அதே ஊரில் பிள்ளை பெற்றாள்.

மறுநாளே தெய்வநாயகத்திடம் ஆங்கிலம் படிக்க மந்திரிகள் அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் ஆள் அனுப்பியிருந்தவர் மகாராணி.