துருப்பிடிக்காத மூலை

சப்ஸ்டேஷனைக் கூட்டுகிற இசக்கியை எந்த அதிகாரியும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்த பெரிய இன்ஜினியர் ஞானசிகாமணியும் அப்படித்தான். கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கச் சுற்றுவேலிக்கு எர்த் போடுவது வீண் வேலை என்று ஆட்களைக் கூட்டிவைத்துக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வேலியில கரண்ட் பாயறது வருஷத்துக்கு ஒரு தடவை, கண் இமைக்கிற நேரம். சரியா அப்போ ஒருத்தன் அதைத் தொடணும். வருஷத்தோட அஞ்சு லட்சம் நிமிஷத்துல மொத்தமா அஞ்சு நிமிஷம் தொட்டா அதிகம். லட்சத்துல ஒரு வாய்ப்பு. இல்லைங்கிறவன் நிரூபிச்சுக் காட்டட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். இசக்கி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள்.

"அய்யா, வேலி பூரா துரு. வடக்கு மூலையில மட்டும் ஏன் கம்பி பளபளங்குது?"

அவர் போய்ப் பார்த்தார். கைபிடிக்கிற உயரத்தில் ஒரு சாண் கம்பி தேய்ந்து மின்னியது.

"இந்த மூலையிலதான் போன் சிக்னல் எடுக்கும். எம் வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்காரு. தெனமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இதைப் பிடிச்சிட்டு நிக்கேன்."

இருபத்துநாலு மணி நேரத்தில் இரண்டு: லட்சத்தில் ஒன்று பன்னிரண்டில் ஒன்றாகிவிட்டது. ஞானசிகாமணி எர்த் போட உத்தரவு எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனார்.

"மூடாதீங்க அய்யா. நாலு மாசமா போன் வரல. இன்னைக்கு வர்றதுக்கு எத்தனையில ஒண்ணுன்னு பாத்துச் சொல்லுங்க."